நான்கு இடங்களின் பொருள் பட்டியலையும் பார்ட்டி பட்டியலையும் ஒன்றாக்குவதை எங்கிருந்து தொடங்குவது?

பொருநைக்கரை, பாளையங்கோட்டை:

அனைவருக்கும் வணக்கம். அரிசி ஆலைகள் நடத்தும் ஒரு குடும்ப நிறுவனத்தில், கணக்கும் கணினியும் சேர்ந்த பொறுப்பில் இருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு பழைய ஆலை, தென்காசிக்கு அருகில் பின்னாளில் வாங்கிய இன்னொரு ஆலை, கங்கைகொண்டானில் சிப்பம் போடும் கூடம், தூத்துக்குடியில் ஒரு கிட்டங்கி என எங்களுக்கு நான்கு இடங்கள் உள்ளன. இதுவரை ஒவ்வோர் இடமும் தனக்கென ஒரு கணக்கு மென்பொருளையும், தனக்குப் பழகிய பெயர்களையும் வைத்துக்கொண்டு ஓடியது. வரும் ஏப்ரல் 1 முதல் நான்கையும், கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து நடத்தும் ஒரே ஈஆர்பி மென்பொருளுக்குள் கொண்டுவருவதென்று முதலாளி முடிவு செய்துவிட்டார். மென்பொருளை நிறுவித் தருபவர்கள் வெற்று எக்செல் தாள்களை அனுப்பி, "மாஸ்டர் டேட்டாவை இதில் நிரப்பித் தாருங்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். அதாவது பொருள்கள், பார்ட்டிகள் (நாங்கள் வாங்கும், விற்கும் ஆட்கள்) ஆகியோரின் அடிப்படைப் பட்டியல். ஆடி மாதத்திலிருந்து அந்த ஒரு வரியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

நிலைமை இதுதான். நான்கு பட்டியல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தபோது, ஒரே அரிசி அம்பாசமுத்திரத்தில் "அம்பை 16 புழுங்கல்" என்றும், தென்காசியில் "ஏஎஸ்டி 16" என்றும், கங்கைகொண்டானில் "இட்லி குண்டு" என்றும், தூத்துக்குடியில் "16 குண்டு" என்றும் இருக்கிறது. இவற்றுள்ளும் எழுத்துப் பிழையால் பிறந்த உடன்பிறப்புகள் வேறு. அம்பாசமுத்திரத்தில் நெல் இருப்பு மூட்டைக் கணக்கில் இருக்கிறது. தென்காசியில் குவிண்டாலில் இருக்கிறது. கங்கைகொண்டானில் எல்லாமே கிலோ. மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று கேட்டால், எந்த ஆண்டு, யாரிடம் வாங்கியது என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

பார்ட்டி பட்டியல் இதைவிட மோசம். ஒரே சாக்கு வியாபாரி நான்கு இடங்களிலும் நான்கு பெயர்களில் இருக்கிறார். தலைப்பெழுத்து ஓரிடத்தில் பெயருக்கு முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மூன்றாவது இடத்தில் அவருடைய கடைப் பெயர் மட்டும். நமக்கு அவரிடம் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் நான்கு பேரைத் தொலைபேசியில் அழைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்க விரும்புவது மூன்று. பொருள்களுக்கான குறியீட்டைப் பார்த்தவுடன் பொருள் தெரியும்படி அமைப்பதா, வெறும் தொடர் எண்ணாக விடுவதா? பட்டியலை முழுக்கச் சுத்தம் செய்த பிறகு புதிய மென்பொருளுக்குள் போவதா, இருப்பதை அப்படியே ஏற்றிவிட்டு உள்ளே போய்ச் சுத்தம் செய்வதா? இதற்கெல்லாம் இறுதிச் சொல் யாருடையதாக இருக்க வேண்டும்? அம்பாசமுத்திரம் ஆலை மேலாளர் முப்பது வருட அனுபவம் உள்ளவர். "எங்கள் பெயரை மாற்றினால் லோடுமேனுக்கு எந்த மூட்டையை ஏற்றுவது என்றே தெரியாது" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் தயங்குகிறேன்.

---

கரிசல்நூல், கோவில்பட்டி:

வணக்கம். நூற்பாலைத் தொழிலில் இதே வேலையை இருமுறை செய்திருக்கிறேன். முதல் முறை கெட்டது, இரண்டாம் முறை ஓரளவு தேறியது. ஆகையால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் குறியீட்டை முதல் கேள்வியாக வைத்திருக்கிறீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். நாங்களும் இரண்டு மாதம் அதிலேயே கழித்தோம். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவை, அதாவது இருப்பை மூட்டையில் வைப்பதா, கிலோவில் வைப்பதா என்பது. பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு பொருளின் அடிப்படை அளவையை, அதில் வரவு செலவு ஓடத் தொடங்கிய பிறகு, பெரும்பாலான மென்பொருள்களில் மாற்ற முடியாது. எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளில் இருப்போ நிலுவையிலுள்ள கொள்முதல் ஆணையோ இருந்தால் அடிப்படை அளவையைத் தொட விடாது. ஈஆர்பிநெக்ஸ்டிலும் அப்படித்தான், அதில் இரண்டு பொருள்களை ஒன்றாக இணைக்க வசதி உண்டு என்றாலும், இருப்பு அளவை இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால்தான் இணைக்க விடும். எனவே "அப்படியே ஏற்றிவிட்டுப் பிறகு சுத்தம் செய்யலாம்" என்பது பெயருக்கும் முகவரிக்கும் பொருந்தலாம், அளவைக்குப் பொருந்தாது. மூட்டையில் ஒரு நெல்லையும் கிலோவில் ஒரு நெல்லையும் உள்ளே ஏற்றிவிட்டால், பிறகு இருப்பைப் பூஜ்யமாக்கிப் புதுப் பொருள் திறப்பது தவிர வேறு வழி இருக்காது.

நெல்லுக்கு என் பரிந்துரை கிலோ, வேறெதுவும் இல்லை. நம் பகுதியில் பழைய ஆட்கள் இன்றும் கோட்டைக் கணக்கு பேசுவார்கள். கோட்டைக்கு 21 மரக்கால் என்பது முகத்தலளவை, எடையன்று. அரசு கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. தனியார் வியாபாரத்தில் ஆலைக்கு ஆலை வேறு. போதாக்குறைக்கு ஈரப்பதம். அரசு கொள்முதலில் வழக்கமாக 17 சதவீதம் வரைதான் ஈரம் ஏற்கப்படும்; தனியாரிடம் அதற்கு மேலும் வரும், களத்தில் காய்ந்த பிறகு அதே மூட்டை எடை குறையும். ஆக, ஒரு மூட்டைக்கு இத்தனை கிலோ என்று நிலையான மாற்று விகிதம் நெல்லுக்குக் கொடுத்தால் அது நாள்தோறும் பொய் சொல்லும். எடைமேடைக் கிலோவை இருப்பாக வைத்துக்கொண்டு, மூட்டை எண்ணிக்கையை வரவுச் சீட்டில் தகவலுக்காக மட்டும் பதியுங்கள். சாக்குக்கு மாற்று விகிதம் கொடுக்கலாம். புதிய சணல் சாக்கு கட்டுக்கு 500 என்றால் கணக்கு நிற்கும். பழைய சாக்கை மட்டும் தனிப் பொருளாக, எண்ணிக்கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, யாருடைய சொல் இறுதி என்பது. இதை ஒரு பொருளுக்கு ஒருவர் என்று பார்க்காமல், ஒரு கட்டத்திற்கு (பட்டியலில் ஒரு விவரத்தை நிரப்பும் பெட்டிக்கு) ஒருவர் என்று பார்க்க வேண்டும். ஒரு பொருளைப் பற்றிய விவரம் ஐம்பது கட்டங்களில் இருக்கிறதென்றால், அவற்றுள் பெயர், அடிப்படை அளவை, பொருள் வகை, ஹெச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்), வரி ஆகியவை நிறுவனம் முழுமைக்கும் பொது. குறைந்தபட்ச இருப்பு, மறு கொள்முதல் அளவு, எந்தக் கிட்டங்கியின் எந்த அடுக்கு, வந்து சேர எத்தனை நாள், யாரிடம் வாங்குவது என்பன அந்தந்த இடத்துக்கு உரியவை. பெரிய மென்பொருள்கள் இந்தப் பிரிவினையைத் தம் அமைப்பிலேயே வைத்திருக்கின்றன. எஸ்ஏபியில் பெயரும் அடிப்படை அளவையும் மேல்மட்டத்தில் ஒருமுறைதான். திட்டமிடல் விவரங்கள் ஒவ்வோர் ஆலைக்கும் தனி. ஆரக்கிளில் ஒரு கட்டத்தைத் தலைமைப் பட்டியல் ஆள்வதா, கிளை ஆள்வதா என்று கட்டம் கட்டமாக நாமே குறிக்கலாம். உங்கள் மென்பொருள் எதுவானாலும், ஒரு தாளில் எல்லாக் கட்டங்களின் பெயரையும் எழுதி, எதிரே "பொது", "கிளை" என்று குறித்து, நான்கு மேலாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் முதல் முறை கெட்டது இங்கேதான்: எல்லாவற்றையும் தலைமை அலுவலகமே பூட்டி வைத்துக்கொண்டது. ஓர் ஆலைக்காரர் நூற்பு இயந்திர உதிரியான ஸ்பிண்டில் டேப்புக்கான குறைந்தபட்ச இருப்பை மாற்றக்கூட விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அவர் மூன்று மாதத்தில் தனக்கென்று ஓர் எக்செல் தாள் தொடங்கிவிட்டார்.

அம்பாசமுத்திரம் மேலாளர் கேட்பதற்கு எளிய விடை உண்டு. பெரும்பாலான மென்பொருள்களில் தேடுவதற்கென்று மாற்றுப் பெயர்க் கட்டம் ஒன்று இருக்கும், இல்லையென்றால் சேர்த்துத் தரச் சொல்லலாம். அதில் நான்கு இடத்துப் பழைய பெயர்களையும் போட்டு வையுங்கள். லோடுமேன் கையில் போகும் கேட் பாஸில் அந்த இடத்தின் வழக்குப் பெயரே அச்சாகட்டும், கணக்கில் மட்டும் ஒரே பெயர் நிற்கட்டும்.

ஒரு சந்தேகம்: "இட்லி குண்டு" எப்போதும் அம்பை 16தானா? நன்றாக விசாரித்தீர்களா?

---

வரிக்கணக்கு, தென்காசி:

வணக்கம். என் கணவரும் நானும் சேர்ந்து வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறோம். பார்ட்டி பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பொருளில் ஒரே ஓர் எச்சரிக்கை.

பதிவு பெற்ற வியாபாரிகளை ஒன்றாக்கப் பெயரை ஒப்பிடாதீர்கள். ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது; முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32; அடுத்த பத்தும் அவருடைய பான் எண். அந்த நடுப் பத்தெழுத்தை எக்செல்லில் தனியே வெட்டி எடுத்து வரிசைப்படுத்தினால், உங்கள் சாக்கு வியாபாரி நான்கு வேடத்தையும் கலைத்துவிட்டு ஒரே ஆளாக நிற்பார். தென்காசி எல்லையில் இதற்குக் கூடுதல் அவசியம் இருக்கிறது, ஏனென்றால் செங்கோட்டையில் ஒரு கடையும் புனலூரில் ஒரு கடையும் வைத்திருப்பவருக்கு 33இல் ஒன்றும் 32இல் ஒன்றுமாக இரண்டு ஜிஎஸ்டி எண்கள் இருக்கும். அவரை இரண்டு பார்ட்டியாகத் திறந்தால் பாக்கி பிரிந்துபோகும். ஒரே எண்ணில் திறந்தால் வரி தவறாகும், முன்னது மாநிலத்துக்குள், பின்னது மாநிலம் கடந்தது. ஒரே பார்ட்டி, அதன்கீழ் இரண்டு முகவரி, ஒவ்வொரு முகவரிக்கும் அதற்குரிய ஜிஎஸ்டி எண் என்று அமைப்பதே சரி.

சப்ளையர் பட்டியலில், அவர் குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றவரா என்பதற்கு ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்க்கப்பட்டு 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிப்படி, அப்படிப்பட்ட உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளும், இல்லாவிட்டால் 15 நாளும் என்ற கெடுவுக்குள் பணம் கொடுக்கவில்லையென்றால், கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். ஒரே ஆள் நான்கு பெயரில் இருந்தால் கெடு தாண்டிய பாக்கி எது என்று மார்ச் 31 அன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

விவசாயிகள் விஷயம் முற்றிலும் வேறு. அவர்களுக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது, பலரிடம் பான் இருந்தாலும் தருவதில்லை. பெயரை ஒப்பிட்டு இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்கும் வசதி என்று மென்பொருள்காரர்கள் ஒன்றைக் காட்டுவார்கள். நம் ஊரில் அதை நம்பி விடாதீர்கள். ஒரே கிராமத்தில் பத்து இசக்கிமுத்துவும் எட்டுச் சுடலைமுத்துவும் இருப்பார்கள், அவர்களில் நான்கு பேருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். அத்தனை பேரையும் மென்பொருள் ஒரே ஆளாக்கிவிட்டால், ஒருவர் போட்ட நெல்லுக்கு இன்னொருவர் கணக்கில் பணம் ஏறும். கைபேசி எண்ணும் போதாது, வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். பணம் போகும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் சேர்த்து அடையாளமாகக் கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் விவசாயிகளை இணைக்காமல் தனித்தனியே விட்டுவிடுவதே மேல். ஆதார் எண்ணை எளிதாக இருக்கிறது என்று வாங்கிப் பட்டியலில் போட்டு வைக்காதீர்கள், அது நமக்கு வேண்டாத சுமை.

பொருளில் நான் சொல்ல வந்த எச்சரிக்கை, 25 கிலோ சிப்பமும் 26 கிலோ சிப்பமும். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி வந்தது. அதன் பிறகு 26 கிலோ சிப்பம் ஏன் கடைக்குக் கடை முளைத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஹெச்எஸ்என் 1006 30தான், அரிசியும் அதே அரிசிதான், வரி மட்டும் வேறு. பட்டியலைச் சுருக்கும் ஆர்வத்தில் "அரிசி ஒன்று, அளவு இரண்டு" என்று யாராவது இணைத்துவிட்டால் பில் எல்லாம் தவறாகும். வரியை ஹெச்எஸ்என் எண்ணோடு கட்டாமல் சிப்பத்தோடு கட்டுங்கள்.

---

ஸ்டோர்ரூம், விக்கிரமசிங்கபுரம்:

உதிரிபாகங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் பட்டியலில் அரிசியும் நெல்லும் சேர்ந்து இருநூறு வரி இருந்தால் பெரிது. மீதி அனைத்தும் பெல்ட், பேரிங், ரப்பர் ரோலர், போல்ட், சல்லடை என்றுதான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பேரிங்கையே எடுத்துக்கொள்வோம். "6205 பேரிங்", "பேரிங் 6205", "பால் பேரிங் 25 எம்எம்" எனப் பலவாறு எழுதியிருப்பார்கள். உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். மூன்றும் ஒன்றுதான் என்று தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து இணைத்துவிடலாம். ஆனால் 6205இல் இருபுறமும் தகட்டு மூடி போட்டது ஒன்று, இருபுறமும் ரப்பர் சீல் போட்டது ஒன்று, மூடியே இல்லாதது ஒன்று. தவிட்டுத் தூசி பறக்கும் எலிவேட்டரில் (நெல்லை மேலே ஏற்றும் இயந்திரத்தில்) ரப்பர் சீல்தான் நிற்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படித்தான் மூன்றையும் ஒரே குறியீட்டில் இணைத்தார்கள். விலை குறைவாக இருந்தது தகட்டு மூடி என்பதால் கொள்முதல்காரர் அதையே வாங்கினார், அறுவடை நேரத்தில் எலிவேட்டர் இருமுறை நின்றது. பட்டியல் சுத்தமாகத்தான் இருந்தது.

அதனால் பெயரை ஒரு வாய்ப்பாட்டில் எழுதுங்கள்: முதலில் பொருள், பிறகு வகை, பிறகு எண், பிறகு அளவு, பிறகு வேறுபடுத்தும் குணம். "பேரிங், பந்து, 6205, 25×52×15, ரப்பர் சீல் இருபுறம்". இந்த வரிசையில் ஏதாவது ஒன்று தெரியவில்லையென்றால், அடுக்கில் இருக்கும் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நிரப்ப வேண்டாம். கணினியில் உட்கார்ந்து ஒருவர் ஒரு நாளில் முன்னூறு வரி முடிக்கலாம், ஸ்டோரில் நின்று பார்த்தால் ஐம்பதுதான் முடியும். அந்த ஐம்பதுதான் நிற்கும். மூன்று வருடமாக அசையாத உதிரிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவற்றைப் புதிய பட்டியலுக்குக் கொண்டுபோகவே தேவையில்லை, இயந்திரம் இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் ஃபிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறியீட்டைப் பொறுத்தவரை, பார்த்தவுடன் பொருள் தெரிய வேண்டும் என்பதே என் கட்சி. ஸ்டோரில் நிற்பவனுக்கு 100457 என்றால் ஒன்றும் புரியாது.

---

கரிசல்நூல், கோவில்பட்டி:

ஸ்டோர்ரூம் அண்ணாச்சி சொன்ன பெயர் வாய்ப்பாட்டை முழுமையாக ஏற்கிறேன். குறியீட்டில் மட்டும் மாறுபடுகிறேன். பொருள் தெரிய வேண்டியது பெயரில். அதையே குறியீட்டுக்குள்ளும் திணித்தால், உண்மை மாறும்போது குறியீடு மாறாது.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் பார்ட்டி எண்ணின் முதல் மூன்றெழுத்தில் மாவட்டத்தை வைத்திருந்தார்கள். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை, ஆலங்குளம் பார்ட்டிகள் எல்லோரும் ஒரே நாளில் தவறான எண்ணுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பழையவர்களுக்கு எண்ணை மாற்றினால் பழைய பில் எல்லாம் அறுந்துபோகும். மாற்றாவிட்டால் மாவட்டவாரி அறிக்கை பொய். அவர்கள் பழையவர்களை அப்படியே விட்டுப் புதியவர்களுக்கு மட்டும் புது எழுத்துக் கொடுத்தார்கள். அதனால் ஒரே தெருவில் எதிரெதிர்க் கடைக்காரர்கள் இரண்டு மாவட்டத்தில் இருக்கிறார்கள். மாவட்டம் என்பது தனிக் கட்டத்தில் இருந்திருந்தால் அரை நாள் வேலை. அரிசிக்கும் அப்படியே: ரகம், புழுங்கலா பச்சையா, சிப்ப அளவு, பிராண்டு எல்லாம் தனித்தனிக் கட்டங்கள், குறியீடு வெறும் தொடர் எண்.

ஸ்டோரில் நிற்பவருக்கு அடுக்குச் சீட்டில் பெயரைப் பெரிதாகவும் எண்ணைச் சிறிதாகவும் அச்சிட்டுக் கொடுங்கள், பார்கோடு ஒட்ட முடிந்தால் எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

---

பொருநைக்கரை, பாளையங்கோட்டை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இடையில் பத்து நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பான் எண்ணை வெட்டி எடுத்து வரிசைப்படுத்தியதில் சப்ளையர் பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. ஒரு லாரி ஆபீஸ்காரர் ஆறு பெயரில் இருந்தார். வரிக்கணக்கு அம்மா சொன்னபடி விவசாயிகளை இணைக்கவே முயலவில்லை.

கரிசல்நூல் ஐயா கேட்ட சந்தேகம்தான் என்னை நன்றாக உலுக்கியது. "இட்லி குண்டு" எப்போதும் அம்பை 16தானா என்று கங்கைகொண்டானில் நேரில் போய்க் கேட்டேன். கண்காணிப்பாளர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அம்பை 16 கிடைக்கும் வரை அதுதான் என்றும், தட்டுப்பாடு வந்தால் வேறு குண்டு ரகத்தையும் கலப்பது உண்டு என்றும் சொன்னார். ஆக, அது ரகத்தின் பெயரன்று, விற்பனைத் தரத்தின் பெயர். நான் ஒன்று என்று நினைத்து இணைக்க இருந்தவை இரண்டு: ஆலையிலிருந்து வரும் அம்பை 16 புழுங்கல் ஒன்று, கூடத்தில் சிப்பமாகும் இட்லி அரிசி இன்னொன்று; முன்னது பின்னதற்குள் போகும் மூலப்பொருள். இணைத்திருந்தால் எந்த மாதம் எதைக் கலந்தோம் என்பதே கணக்கிலிருந்து மறைந்திருக்கும். அதே வேளையில், தூத்துக்குடியின் "16 குண்டு" உண்மையிலேயே இட்லி அரிசிச் சிப்பம்தான் என்பதும் தெரிந்தது. பெயரில் 16 இருக்கிறதே என்று அதை அம்பை 16 பக்கம் சேர்க்க இருந்தேன்.

இப்போது ஒரு புதுக் கவலை. ஏப்ரல் 1 என்பது நிதியாண்டுக்குச் சரி, நெல்லுக்குச் சரியில்லை. பிசானம் என்னும் பருவத்து நெல்லின் அறுவடை மாசி, பங்குனியில் வந்து சேரும். அந்த நேரத்தில் இரண்டு ஆலைகளின் களமும் கிட்டங்கியும் நிறைந்திருக்கும். நிறைந்த கிட்டங்கியில் பழைய பெயரிலும் பழைய அளவையிலும் இருக்கும் இருப்பை எண்ணி, எடைபோட்டு, புதுப் பெயருக்கு மாற்றுவது எப்படி என்று தெரியவில்லை. முதலாளி நாளைத் தள்ள ஒப்பவில்லை.

---

கரிசல்நூல், கோவில்பட்டி:

நாளைத் தள்ள வேண்டாம், பெயரை முன்னால் கொண்டுவாருங்கள். புதிய மென்பொருள் ஏப்ரலில் வரட்டும். புதிய பட்டியல் தை முதல் நாளிலிருந்தே பழைய மென்பொருள்களில் நடைமுறைக்கு வரலாம். அதாவது, நான்கு இடத்துப் பழைய கணக்கிலும் புதிய எண்ணோடும் புதிய பெயரோடும், நெல்லுக்குக் கிலோ அளவையோடும் பொருள்களைப் புதிதாகத் திறந்துவிடுங்கள். தை முதல் வரும் நெல் முழுவதும் புதிய பெயரில்தான் வரவாக வேண்டும். பழைய பெயரில் இருப்பது முந்தைய பருவமான கார் நெல்லின் மிச்சம் மட்டும். அதை அரைத்துத் தீர்த்துக்கொண்டே வந்தால் பங்குனிக் கடைசியில் பழைய பெயர்களில் ஏதோ சில மூட்டைகள்தான் நிற்கும். மார்ச் 31 அன்று நீங்கள் எண்ணி மாற்ற வேண்டியது அந்தச் சில மூட்டைகளைத்தான். பிசானம் நெல் முழுவதும் எடைமேடைக் கிலோவிலேயே உட்கார்ந்திருக்கும். பெயர் மாற்றத்தால் வரும் குழப்பங்களும், லோடுமேன் பிரச்சினை உட்பட, பழகிய மென்பொருளிலேயே வெளிப்பட்டுத் தீர்ந்துவிடும்.

பழைய எண்ணுக்குப் புதிய எண் என்ன என்ற ஒப்பீட்டுத் தாளை ஒருவர் மட்டும் வைத்திருங்கள். நான்கு பிரதி ஆனால் மறுபடியும் நான்கு பட்டியல்தான்.

இன்னொன்றை முன்பே எழுதியிருக்க வேண்டும். புதுப் பொருள் திறக்கக் கேட்டால் எத்தனை மணி நேரத்தில் திறந்து தருவீர்கள் என்று இப்போதே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு எலிவேட்டர் நின்று, அம்பாசமுத்திரத்தில் ஒரு புது உதிரி வாங்க வேண்டியிருக்கும்போது, தலைமை அலுவலகம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டால், அவர்கள் "இதர உதிரி" என்று ஒரு பொருளைக் கண்டுபிடித்து அதிலேயே எல்லாவற்றையும் வாங்கத் தொடங்குவார்கள். எங்கள் முதல் முயற்சியில், இரண்டாம் ஆண்டு முடிவில் அதிகம் வாங்கிய உதிரி எது என்று அறிக்கை எடுத்தபோது முதலிடத்தில் "இதர" இருந்தது. மாதம் ஒருமுறை "இதர" என்ற பெயரில் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள்; அது கூடினால் உங்கள் ஒப்புதல் வழி மெதுவாக இருக்கிறது என்று பொருள், ஆலைக்காரர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

---

ஸ்டோர்ரூம், விக்கிரமசிங்கபுரம்:

கோவில்பட்டிக்காரர் சொன்ன தென்காசிக் கதையைக் கேட்ட பிறகு குறியீட்டு விஷயத்தில் என் கட்சியைப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் தொடர் எண்ணை ஆறு இலக்கத்துக்கு மேல் போக விடாதீர்கள், பூஜ்யத்தில் தொடங்கவும் வேண்டாம். எக்செல் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும், ஒப்பீட்டுத் தாள் முழுக்கத் தவறிப்போகும்.

---

பொருநைக்கரை, பாளையங்கோட்டை:

தை முதல் நாள் யோசனையை முதலாளியிடம் சொன்னேன், உடனே ஒப்புக்கொண்டார். கட்டங்களின் பொது, கிளைப் பிரிவினைத் தாளுக்கு நான்கு மேலாளர்களையும் வரும் ஞாயிறு அம்பாசமுத்திரம் ஆலையிலேயே கூட்டுகிறேன். பெரியவர் தன் இடத்தில் இருந்தால் கொஞ்சம் இறங்கி வருவார். தொடர் எண் 100001இல் தொடங்குகிறது. புதுப் பொருள் கேட்டால் வேலை நேரத்தில் நான்கு மணி நேரத்துக்குள் திறந்து தருவது என்றும், இரவில் நின்றுபோன இயந்திரத்துக்கு ஆலையே தற்காலிக எண்ணில் வாங்கிக்கொண்டு மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் பெயர் வாய்ப்பாட்டை நிரப்பி அனுப்புவது என்றும் எழுதி வைத்திருக்கிறேன். உதிரிகளைக் கையில் எடுத்துப் பார்த்து எழுத, அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் ஃபிட்டரோடு ஒரு பையனை நாளை முதல் நிறுத்துகிறோம்.